பெயர்ப்பலகை இல்லாத பைண்டிங் கடை

மட்டக்களப்பில் பழைய புத்தகம் கட்டக் கொடுக்க நல்ல இடம் எது என்று இந்த வருடத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் வழி சொல்லிக் களைத்துப்போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன். கடைக்குப் பெயர் கிடையாது. கோட்டைமுனைப் பாலத்தைத் தாண்டிச் சந்தைப் பக்கம் வந்தால், தையல் மெஷின் திருத்துகிற கடையை ஒட்டி ஓர் ஒழுங்கை போகும். உள்ளே நாலாவது கதவு. பலகை இல்லாவிட்டாலும் பசை மணம் கூட்டிக்கொண்டு போய்விடும். கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்ட பசை. டியூப்பில் வருகிற வெள்ளைக் கோந்தை அந்தக் கடையில் நான் காணவில்லை.

நடத்துகிறவர் காத்தான்குடிக்காரர், எழுபதை நெருங்கியவர். நான் நானா என்கிறேன், அவர் என்னை மிஸ் என்கிறார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "ஆக்கள் கூடினா வேல பிந்தும்" என்பது அவர் சொன்ன காரணம். வேலை இப்போதே பிந்துகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் அரச கந்தோர்களில் முகாமைத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கோவை கட்டுவதும் தாளுக்கு இலக்கம் போடுவதும்தான் என் சீவியம். நூல் இறுகியிருக்கிறதா, முதுகு நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தெரியும். லேசில் நல்ல பெயர் கொடுக்கவும் மாட்டேன்.

கட்டக் கொடுத்தது புத்தகம் அல்ல, அப்பாவின் இரண்டு கொப்பிகள். அப்பா தபால் பகுதியில் வேலை செய்தவர். அவர் கல்முனைத் தபால் கந்தோரில் இளம் கிளார்க்காக இருந்த 1954ஆம் ஆண்டு, நவம்பர் முதலாம் திகதி, அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரருக்கு எதிரான சண்டை தொடங்கியது. அன்றிலிருந்து 1962 ஜூலை வரை வீரகேசரி, தினகரன், கைக்குக் கிடைத்த ஆங்கிலப் பேப்பர் என்று எல்லாவற்றிலும் அந்த நாட்டைப் பற்றி வந்ததை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். ஏன் அல்ஜீரியா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "நமக்குச் சுதந்திரம் பதிவுத் தபால்ல வந்தது மகள். கையெழுத்துப் போட்டு எடுத்தாச்சு. அவனுக்கு அப்படி வரல்ல. எப்படி எடுக்கிறான் எண்டு பாப்பம்" என்றார். தபால்காரர் பகிடி.

இரண்டு கொப்பிக்கும் இரண்டு பெயர்: ஒன்று 'சண்டை', மற்றது 'பேச்சு'. சண்டைக்குச் சிவப்புப் பென்சில், பேச்சுக்கு நீலம். மலைப் பதுங்கல், குண்டு, கைது எல்லாம் ஒன்றில். ஐ.நா., மாநாடு, தூதுக்குழு எல்லாம் மற்றதில். தாளின் ஒரு பக்கம் மட்டும்தான் ஒட்டுவார், ஓரத்தில் திகதி எழுதுவார். ஒன்றோடொன்று தொடர்புள்ள செய்தியானால் 'மறு கொப்பி 31' என்று குறிப்பும் போடுவார். என் கோவைப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது.

1978 நவம்பர் 23, சூறாவளி இரவில் எங்கள் கூரை போனது. மேலே இருந்த சண்டைக் கொப்பி ஊறிப் பருத்துவிட்டது, அடியில் இருந்த பேச்சுக் கொப்பிக்கு ஓரத்தில் கறையோடு சரி. பிறகு 1990. படையினரின் தேடுதல் நடந்த நாட்களில் அம்மா இரண்டு கொப்பியின் மட்டையையும் கிழித்து அடுப்பில் வைத்துவிட்டார். மட்டையில் அப்பா கொட்டை எழுத்தில் 'அல்ஜீரிய விடுதலைப் போர்' என்று எழுதியிருந்தார். "அல்ஜீரியா எண்டு முழுக்க வாசிக்க ஆருக்கு நேரம்? நடுச்சொல்தான் கண்ணில படும்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அப்பா ஒரு சொல்லும் பேசவில்லையாம். மட்டை போனபிறகு தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, உரப்பை ஒன்றுக்குள் இத்தனை வருடமும் கிடந்தன.

இந்தக் கடைக்கு வருமுன் வேறொரு இடத்தில் கொடுத்தேன். சுருள் கம்பி போட்டுத் தருகிறோம் என்று, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆறு தாளில் ஓட்டை குத்திவிட்டார்கள். மிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதைப் பற்றி அவ்வளவு போதும்.

நானா முதலில் செய்த காரியம், ஒரு தாளை எடுத்து முகர்ந்து பார்த்தது. பிறகு வெளிச்சத்தில் பிடித்தார், ஓரத்தை நகத்தால் மெல்ல மடித்துப் பார்த்தார். "உடையிற தாள். தைச்சா கிழியும். கீற்று ஒட்டித்தான் தைக்கணும்" என்றார். அப்புறம்தான் கேட்டார்: "ஒண்டாவா, ரெண்டாவா?"

இரண்டாக என்றேன். அப்பா வைத்திருந்தபடி.

இரண்டு அடுக்கையும் மேசையில் தட்டி நேராக்கி, குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். "இது வீங்கின தாள், அது மெல்லிசு. வீங்கினதை மட்டும் கட்டினா வாய் பிளந்து நிக்கும். ஒண்டுக்க ஒண்டு வெச்சா சமமா வரும் மிஸ். ஆனா எந்த ஒழுங்கில வைக்கிறது எண்டு நீங்கதான் சொல்லணும்." இலக்கம் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். முற்பணம்கூட வாங்கவில்லை.

இருநூற்றுப் பதினாலு தாள். திகதிப்படி அடுக்க எனக்கு மூன்று சனி ஞாயிறு பிடித்தது. கறையில் அழிந்த திகதிகளைத் தேடிப் பிடிக்கவே பாதி நேரம் போனது. ஆனால் அடுக்க அடுக்க, இதை ஏன் அப்பா பிரித்து வைத்தார் என்றே தோன்றத் தொடங்கிவிட்டது. முதல் நாளிலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் பிறந்திருக்கின்றன. நவம்பர் 1ஆம் திகதி தாக்குதல்களோடு வெளிவந்த அறிக்கையிலேயே, பிரச்சினையைச் சர்வதேசத்துக்குக் கொண்டுபோவது எங்கள் நோக்கம் என்று, சண்டையைத் தொடங்கிய தேசிய விடுதலை முன்னணி எழுதிவிட்டது. ஐந்தே மாதத்தில், 1955 ஏப்ரலில், முன்னணியின் ஹொசீன் ஐத் அஹ்மதும் முஹம்மத் யஸீதும் இந்தோனீசியாவில், ஆசிய ஆபிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டில் போய் நிற்கிறார்கள். அந்த மாநாட்டை அழைத்த ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதே வருடம் செப்டெம்பர் 30இல் அல்ஜீரியப் பிரச்சினையை ஐ.நா. நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வாக்கெடுப்பு: ஆதரவு 28, எதிர்ப்பு 27. ஒரே ஒரு வாக்கு! பிரெஞ்சுத் தூதுக்குழு எழுந்து வெளியே போய்விட்டது. இலங்கை அன்று அந்த மண்டபத்திலேயே இல்லை. நமக்கு ஐ.நா. அங்கத்துவம் கிடைத்தது அந்த டிசெம்பர் 14ஆம் திகதிதான்.

1957 ஜனவரி 28ஐ அடுக்கியபோது கையை எடுத்துவிட்டு எழுந்து தேத்தண்ணி போடப் போனேன். சண்டைக் கொப்பியில், அல்ஜியர்ஸ் நகரில் எட்டு நாள் வேலைநிறுத்தம், பராசூட் படையினர் கடைக் கதவுகளை உடைத்துத் திறக்கிறார்கள். பேச்சுக் கொப்பியில், நியூயோர்க்கில் அல்ஜீரிய விவாதம். தனித்தனியாகப் பார்த்தபோது அது ஒரு கடையடைப்பு, இது ஒரு கூட்டம். எதிரெதிரே வைத்தால்தான், கூட்டத்துக்காகவே கடையை அடைத்தார்கள் என்று தெரிகிறது. கடையடைப்பு என்றால் என்ன என்று மட்டக்களப்பில் யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நாள் குறித்தது நியூயோர்க் காலண்டரைப் பார்த்து என்பது எனக்குப் புதிது.

வருடக் கட்டுகளை வரிசையாக வைத்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சண்டைத் தாள் 1957இல்தான் அதிகம். பிரெஞ்சுப் படை நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது, துனீசிய எல்லையில் 5,000 வோல்ட் மின்சார வேலி, 1959இல் பிரெஞ்சு ஜெனரல் ஷால் மலை மலையாகச் சல்லடை போடுகிறார். அதன்பிறகு சிவப்புப் பென்சில் குறைந்துகொண்டே போகிறது, நீலம் கூடிக்கொண்டே போகிறது. 1958 செப்டெம்பர் 19இல் கெய்ரோவில் அல்ஜீரியரின் தற்காலிக அரசாங்கம், ஃபெர்ஹாத் அப்பாஸ் தலைவர். 1960 டிசெம்பர் 11இல் அல்ஜியர்ஸ் தெருவெங்கும் பச்சை வெள்ளைக் கொடி, எட்டு நாள் கழித்து 19ஆம் திகதி ஐ.நா. அவர்களின் சுயநிர்ணய உரிமையை ஒப்புக்கொள்கிறது. மலையில் இளைத்தவன் மேசையில் பருத்திருக்கிறான். ஆனால் மலையில் இத்தனை வருடம் நின்றிராவிட்டால் மேசையில் யார் கதிரை போட்டிருப்பார்கள்? இதை அப்பாவோடு வாதாடிப் பார்க்க ஆசை. ஆள் போய்ப் பதினாறு வருடமாகிவிட்டது.

சில தாள்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அபான் ரம்தான் பற்றிய தாள் அப்படி. 1956 ஓகஸ்டில் சூமாம் பள்ளத்தாக்கில் கூடி, ஆயுதத்துக்கு மேலே அரசியல் என்று தீர்மானம் போட முன்னின்ற முன்னணித் தலைவர். 1958 மே மாதம் இயக்கப் பத்திரிகை அவர் சண்டையில் வீழ்ந்தார் என்று எழுதியது. அப்பாவும் அதை நம்பிச் சிவப்புப் பென்சிலால் குறித்திருக்கிறார். உண்மையில் முந்தின டிசெம்பரிலேயே மொரோக்கோவுக்குக் கூட்டிப்போய்க் கழுத்தை நெரித்தவர்கள் அவருடைய தோழர்கள். நான் தாளை மே மாதத்திலேயே விட்டேன். கோவையில் கடிதம் கிடைத்த திகதிதான் கணக்கு.

இன்னொன்று உதைபந்தாட்டம். 1958 ஏப்ரலில் ரஷீத் மெக்லூஃபி, முஸ்தபா ஸித்தூனி உட்படப் பிரான்ஸில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய வீரர்கள் இரகசியமாக நாட்டை விட்டு வெளியேறி, துனிஸில் ஓர் அணியாகக் கூடினார்கள். இரண்டு மாதத்தில் உலகக் கிண்ணம், பிரெஞ்சு அணியில் இடம் காத்திருந்தது, விட்டுவிட்டுப் போனார்கள். இது சண்டையா பேச்சா என்று அப்பாவுக்கும் தெரியவில்லை போலும். சிவப்பிலும் நீலத்திலும் ஒவ்வொரு கேள்விக்குறி போட்டு, இரண்டு கொப்பியிலும் ஒட்டாமல் செருகி வைத்திருந்தார்.

சரி, கடைக்கு வருவோம். இரண்டாம் முறை போனபோது ஒரு மணித்தியாலம் இருத்திவிட்டார். நானா பைண்ட் பண்ணுகிறதை வாசித்துத்தான் பண்ணுவார். அது அவருடைய பலமும் பலவீனமும். அப்பா எழுதியிருந்த 'கிரிம் பெல்காசம்' என்ற பெயரை விரலால் தொட்டு, "இது அபுல்காசிம்தான் மிஸ், வாயில தேஞ்சு பெல்காசம் ஆகியிருக்கு" என்றார். இரண்டு பென்சிலிலும் அதிகம் வருகிற பெயர் அது. 1947இலேயே கபிலியா மலையில் துப்பாக்கியோடு தலைமறைவானவர், 1962 மார்ச் 18இல் பிரான்ஸின் எவியானில் சண்டையை நிறுத்தும் உடன்படிக்கைக்குக் கையெழுத்திட்டவரும் அவரே. "அப்ப இவருக்கு எந்தப் பென்சில்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பசை கிளறப் போய்விட்டார்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு விரல் அகலத்தில் மெல்லிய துணிக்கீற்று ஒட்டி, கீற்றைத்தான் தைத்திருக்கிறார், தாளை அல்ல. இருநூற்றுப் பதினாலு கீற்று. நூலுக்கு மெழுகு பூசியிருக்கிறார். எந்த இடத்தில் திறந்தாலும் கையை எடுத்தபிறகும் அப்படியே விரிந்து கிடக்கிறது, மூடிக்கொள்வதில்லை. பழைய வீட்டுக் காணி உறுதிகளை, கோயில் கணக்குப் பேரேடுகளை இப்படிக் கட்டலாம் என்று நினைக்கிறேன். மற்றக் கடை குத்திய ஓட்டைகளைக்கூட அதே நிறத் தாள் தேடி அடைத்திருக்கிறார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசித் தாளில் ஒரு முத்திரை. 1962 ஜூலை 5, சரியாக 132 வருடத்துக்குப் பிறகு நாடு சொந்தக்காரர் கைக்கு வந்தபோது, புதிய முத்திரை அச்சிட நேரமில்லை. இருந்த பிரெஞ்சு முத்திரையின் மேல் 'அல்ஜீரிய அரசு' என்பதற்கு இரண்டு முதலெழுத்தைக் குத்தி விற்றார்கள். அதில் ஒன்று அப்பாவிடம் எப்படி வந்ததென்று அம்மாவுக்கும் தெரியாது. நானா அதற்குப் பசை தொடவில்லை. எண்ணெய்த்தாளில் சின்ன உறை செய்து உள்ளே போட்டிருக்கிறார். உறையின் மூடி என் சுண்டுவிரல் நகத்தளவு. காசு கேட்கவில்லை.

இப்போது குறை. மூன்று கிழமை என்றார், ஐந்தாவது கிழமைதான் முடிந்தது. வெள்ளிக்கிழமை கடை இல்லை, அது தெரிந்ததுதான். ஆனால் செவ்வாய்க்கிழமையும் சொல்லாமல் பூட்டியிருந்தால் களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் என்ன செய்வது? போன் எடுக்கமாட்டார். கையில் பசை என்பார்.

அதையாவது பொறுக்கலாம். ஓரம் வெட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று பக்கமும் சமப்படுத்த வெட்டும் மெஷினில் வைத்தபோது, ஒன்பது தாளில் அப்பாவின் பென்சில் குறிப்பு போய்விட்டது. எல்லாம் அந்த 'மறு கொப்பி' குறிப்புகள். 1958 பெப்ரவரி 8, சாக்கியத் சிடி யூசுப் என்ற துனீசியக் கிராமத்தில் பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டு எழுபது பேரளவில் இறந்த செய்தி. அதன் ஓரத்தில் இப்போது 'மறு கொ' மட்டும் நிற்கிறது. நான் கத்திவிட்டேன். வயது போனவரிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவர் குப்பைக் கூடையைக் கொட்டி, கீற்றுக் கீற்றாகத் தேடி நாலு துண்டு எடுத்துத் தந்தார். மற்ற ஐந்தும் கிடைக்கவில்லை. "இப்ப ரெண்டு கொப்பியும் பக்கத்துல பக்கத்துலதானே மிஸ் இருக்கு, குறிப்பு எதுக்கு?" என்றார். அது நியாயமாக இருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது நியாயம் அல்ல, அப்பாவின் கையெழுத்து. ஆகவே போகிறவர்கள் முதலே சொல்லிவிடுங்கள்: ஓரம் வெட்ட வேண்டாம் என்று. சொன்னால் கேட்பார். சொல்லாவிட்டால் வெட்டுவார்.

கூலி நாலாயிரத்து எண்ணூறு ரூபா. துணிக்கீற்று வேலைக்கு அது குறைவு என்றே சொல்வேன். வெட்டிய கவலைக்காக முந்நூறு குறைக்க வந்தார், நான் விடவில்லை. மட்டை கறுப்பு ரெக்சின். சிவப்புக் கேட்டால் இருக்கிறது, நீலம் இல்லை.

முதுகில் பெயர் பொறிப்பதுதான் கடைசி வேலை. பழைய அச்சகங்களிலிருந்து வாங்கிய ஈய எழுத்தைச் சூடாக்கி, பொன் தாளின் மேல் வைத்து அழுத்துகிறார். எழுத்துக்கு இருபது ரூபா. அப்பா எழுதியதையே போடச் சொன்னேன். எழுத்துப் பெட்டியை முழுக்கக் கிளறிவிட்டு நிமிர்ந்தார். "விடுதலை இருக்கு, போர் இருக்கு. ஜீ இல்ல மிஸ். அல்சீரியா எண்டு போடவா?" அல்சீரியாவை அப்பா மன்னிக்கமாட்டார். கடைசியில் 1954 - 1962 என்று இலக்கம் மட்டும் பொறித்து வாங்கிவந்தேன்.

அம்மாவுக்கு எண்பத்தாறு. மடியில் வைத்து முதுகைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டு இன்னொரு முறை பார்த்தார். "இது நல்லம். ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது" என்று சொல்லிவிட்டு, தலைமாட்டு மேசையில் வைத்துக்கொண்டார். உரப்பையை மடித்து எடுத்து வைக்கச் சொன்னார், வீசவேண்டாமாம்.

போன கிழமை நானாவே போன் எடுத்தார், அதுவே அதிசயம். கல்முனையில் மூடிய ஓர் அச்சகத்தின் எழுத்தை நிறைக்கு வாங்கியிருக்கிறாராம். "ஜீ கிடைச்சிருக்கு மிஸ், கொண்டு வாங்க. காசு வேணாம்" என்றார். இன்னும் அம்மாவிடம் கேட்கவில்லை.